மடிமீன்

கூத்தன்பாறை அணையில் தண்ணீர் பாதிக்கும் கீழே இறங்கிக் கிடந்த ஒரு சித்திரை மாதக் காலையில், பரிசல்காரர் சிட்டண்ணன் கரையில் உட்கார்ந்து பல் விளக்கிக்கொண்டிருந்தபோது, தன் இடது கையின் உட்புறத்தில் மணிக்கட்டிலிருந்து நாலு விரல் உயரத்துக்கு ஒரு வெள்ளிக்கோடு ஓடியிருப்பதைப் பார்த்தார். தண்ணீர் விட்டுத் தேய்த்தார், போகவில்லை. மணல் போட்டுத் தேய்த்தார், போகவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும் என்று வாயைக் கொப்பளித்துவிட்டுத் துடுப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வெயில் ஏற ஏற அந்தக் கோடும் ஏறி, உச்சி வேளையில் முழங்கையைத் தொட்டு, சாயங்காலக் காற்றில் மெல்ல இறங்கி மறுபடியும் மணிக்கட்டுக்கு வந்து நின்றது. அன்றைக்கு அவர் வலையில் அஞ்சு விரால் விழுந்திருந்தது. அதைத்தான் வீட்டில் பெரிய சேதியாகச் சொன்னார். கோட்டைப் பற்றி, சாப்பிட்டுக் கை கழுவும்போதுதான் ஞாபகம் வந்து சொன்னார்.

பத்து நாளில் துறையில் பாதிப்பேருக்குக் கோடு விழுந்தது. ஆடி பிறப்பதற்குள் எங்கள் மேட்டுத்துறையில் கோடு இல்லாத கையே இல்லை என்று ஆகிவிட்டது. காய்ச்சல் என்றால் நெற்றியில் கை வைத்துப் பார்க்கும் வேலை எங்களுக்குப் போயிற்று. டீக்கடைக்காரர் பாய்லர் பக்கம் கையை நீட்டி, கோடு எங்கே நிற்கிறது என்று பார்த்துத் தூள் போட்டார். பெண் பார்க்க வந்தவர்கள் பெண்ணைப் பாடச் சொல்வதை விட்டுவிட்டு, மாமியாராகப் போகிறவள் ரெண்டு குத்தல் வார்த்தை பேச, பெண்ணின் கோடு எத்தனை விரல் ஏறுகிறது என்று ஓரக்கண்ணால் அளந்தார்கள். கோபம் வந்தாலும் பொய் சொன்னாலும் கோடு ஏறும் என்று தெரிந்துபோனதும், பஞ்சாயத்துக்கு வருகிற ஆம்பளைகள் எல்லாம் முழுக்கைச் சட்டைக்கு மாறினார்கள், ரேஷன் கடைக்காரர் வேகாத வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூடத்து வத்சலா டீச்சர் ஒருத்தர் மட்டும் மீன் தொடாதவர், அவர் கை வெறுங்கையாகவே இருந்தது. பாவம், மேலுக்கு ஏதாவது வந்தால் இந்தம்மா எப்படித் தெரிந்துகொள்ளும் என்று நாங்கள் உச்சுக்கொட்டினோம். பிள்ளைகள் ஒருநாள் ஜரிகைத்தாளைக் கீற்றாக வெட்டி அவர் கையில் ஒட்டிவிட்டார்கள். அவரும் அந்த வாரம் முழுக்க அதைப் பிய்க்காமல் வைத்திருந்தார்.

ஏன் வந்தது, எதனால் வந்தது என்று கேட்காமல் இல்லை. மேலே மலையில் எப்போதோ மூடிப்போன கண்ணாடிக்குழல் கம்பெனியைச் சிலர் சொன்னார்கள். ஆற்று மணலில் தங்கம் அரித்தவர்களைச் சிலர் சொன்னார்கள். அணைக்கு அடியில் முங்கிய காடு அழுகி இப்படி ஆகிறது என்று பஸ்ஸில் வந்த ஒரு காலேஜ்காரர் சொன்னார். நாங்கள் எல்லாருக்கும் தலையாட்டினோம். காரணம் தெரிந்து ஆகப்போவது என்ன, உலை கொதித்துக்கொண்டிருக்கிறது, குழம்புக்கு மீன் வேண்டும்.

நான் பூவாயி. மீன்துறை கொட்டகையில் இருபத்திரண்டு வருஷமாக அருவாமனை போட்டு உட்கார்ந்திருக்கிறவள். அணையில் ஏறுகிற மீனில் என் கைபடாமல் ஒரு வீட்டு அடுப்புக்கும் போனதில்லை. இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன், இப்போது சொல்வதில்லை.

எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. வெள்ளிக்கிழமை கரையேறும் மீன்களில் எது பெரிதோ அது குத்தகைக்காரருக்குப் போகாது. ஊரில் எந்தப் பெண்ணுக்கு அஞ்சு மாசம் தொடங்கியிருக்கிறதோ அவள் வீட்டுக்குப் போகும். அவளை மணையில் உட்காரவைத்து, புடவைத் தலைப்பை விரித்து, உயிர் போகாத மீனை அவள் மடியில் கிடத்துவார்கள். அதற்குப் பெயர் மடிமீன். அத்தனை வலைக்கும் அத்தனை தூண்டிலுக்கும் தப்பித்து அத்தனை வருஷம் வாழ்ந்த மீன் அது, அதைத் தின்றால் உள்ளே இருக்கிற பிள்ளையும் எல்லாக் கண்டத்துக்கும் தப்பிக்கும் என்பது எங்கள் கணக்கு. பிறகு மீன் என்னிடம் வரும். தலையும் வயிற்றுத் துண்டும் அவளுக்கு, மிச்சம் வீட்டுக்கு. பிரசவம் ஆகிறவரை ஒவ்வொரு வெள்ளிக்கும் இது நடக்கும். ஒரே நேரத்தில் ரெண்டு பேருக்கு வயிறு தெரிந்தால் தலை யாருக்கு என்று சண்டை வரும், அந்தச் சண்டையில் நான் பல தடவை திட்டு வாங்கியிருக்கிறேன். பிள்ளைத்தாய்ச்சிக்கு இப்படி ஊரே கூடி ஊட்டுகிற சனம் வேறெங்கே இருக்கிறது என்று நாங்கள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்தோம்.

என் பக்கத்து அருவாமனை மாதேஸ்வரியுடையது. கல்யாணமாகி வந்ததிலிருந்து என்னோடுதான் மீன் அரிகிறாள். புருஷன் பொன்னுரங்கம் சாது, வலை பின்னுகிறவன். மாமனார் மாரப்பனால்தான் அந்த வீட்டுக்குப் பெயர். வாளை பிடிப்பதில் அணையைச் சுற்றி ஏழு துறையிலும் அவருக்கு மிஞ்சின ஆள் கிடையாது. வாளை தெரியுமில்லையா, செதில் இல்லாமல் வழவழவென்று, மீசையும் பல்லுமாக, தன்னைவிடச் சின்னது எதுவானாலும் விழுங்கிக்கொண்டு ஆழத்தில் கிடக்கிற மீன். மாதேஸ்வரி முதல் தடவை உண்டானபோது, தன் மருமகளுக்கு ஒரு வெள்ளிகூட ஊரான் பிடித்த மீன் வரக்கூடாது என்று மாரப்பன் அஞ்சாம் மாசத்திலிருந்து தானே போய்ப் பதினெட்டு வாளை கொண்டுவந்தார். பதினெட்டையும் நான் அரிந்தேன். பதினெட்டையும் அவள் ருசித்துச் சாப்பிட்டாள்.

அந்தப் பிள்ளைதான் யாழினி. எங்களுக்கெல்லாம் கோடு மணிக்கட்டில் தொடங்கியது என்றால், யாழினிக்குப் பிறக்கும்போதே மணிக்கட்டிலிருந்து தோள் தாண்டிக் காறை எலும்புவரை ஒரே இழையாக ஓடியிருந்தது. ஊர் கொண்டாடித் தீர்த்தது. மழை வருவதற்கு முதல்நாளே அவள் கோடு சரசரவென்று இறங்கும். காற்று கிளம்பப்போகிறது என்றால் நடுங்கும். விடிந்ததும் பரிசல்காரர்கள் வரிசையாக அந்த வீட்டு வாசலுக்கு வந்து அவள் கையைப் பார்த்துவிட்டுத்தான் தண்ணீரில் இறங்குவார்கள். ஒருத்தர் பன் வைப்பார், ஒருத்தர் கண்ணாடி வளையல் வைப்பார். யாழினி பேசவில்லை. மூன்று வயதுவரை நடக்கவில்லை. நடந்தபோதும் கால் ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம் என்று சாய்ந்து சாய்ந்து நடந்தாள். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். அதையும் நாங்கள் சேர்த்துக் கொண்டாடினோம். மழையோடு பேசுகிற பிள்ளைக்கு மனுசரோடு என்ன பேச்சு என்றோம். மாதேஸ்வரியும் அப்படித்தான் சொல்லிக்கொண்டாள். சொல்லும்போது அவள் கோடு ரெண்டு விரல் ஏறும், நாங்கள் வெயில் என்று நினைத்துக்கொள்வோம்.

யாழினிக்கு நாலு வயது நடக்கும்போது ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் புது நர்ஸ் வந்தார். பெயர் ஜெபசீலி, ஊர் கன்னியாகுமரிப் பக்கம் ஒரு கடற்கரை. குள்ளமான பொம்பளை, நடையில் வேகம், பேச்சில் அதைவிட வேகம். மீன்துறைக்கு வந்ததும் என் கையிலிருந்த விராலை வாங்கி மோந்து பார்த்து, நேற்றைய மீனை இன்றைய மீன் என்று விற்கிறாயா என்று கேட்டார், அதிலேயே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளின் கோட்டை நூல் வைத்து அளந்தார். எந்தத் தாய் எத்தனை மடிமீன் சாப்பிட்டாள் என்று என்னிடம்தான் கேட்டார், எனக்குத்தான் மனப்பாடமாயிற்றே, சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன். பிறகு ஐஸ் பெட்டியில் ஒரு துண்டு வாளையும், ஒரு துண்டு விராலும், ஒரு பிடி அயிரையும், கையகல ஜிலேபி மீன் நாலும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

ரெண்டு மாதம் கழித்து ஒரு ஆபீஸிலிருந்து ஆள் வந்து கொட்டகைச் சுவரில் ஒரு காகிதம் ஒட்டிவிட்டுப் போனான். மீனில் பாதரசம் இருக்கிறது, பெரிய வேட்டை மீன்களை மாதம் ஒரு தடவைக்கு மேல் உண்ண வேண்டாம், கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் சிறு பிள்ளைகளும் அறவே தவிர்க்கவும் என்று எறும்பு எழுத்தில் போட்டிருந்தது. மறுநாள் அதன்மேல் காதுகுத்து போஸ்டர் ஒட்டிவிட்டார்கள். ஆனாலும் சேதி ஊருக்குள் நுழைந்துவிட்டது. எங்கள் சனம் எதையும் தூக்கி எறியாது, எல்லாவற்றையும் குழம்பு வைத்துவிடும். பாதரசத்துக்கும் அப்படியே பக்குவம் கண்டுபிடித்தோம். மஞ்சள் போட்டு ஏழு தண்ணீர் அலசினால் போய்விடும் என்றாள் ஒருத்தி. தோலை உரித்தால் போதும் என்றாள் இன்னொருத்தி. புளியை இரட்டிப்பாக்கினோம். செம்புக் காசு போட்டு வேகவைத்து, காசு வெளுத்தால் விஷம் இறங்கிவிட்டது என்று சாப்பிட்டோம். எல்லாம் செய்தோம், வாளையை நிறுத்துவதைத் தவிர.

அப்போதுதான் மாதேஸ்வரிக்கு ரெண்டாவது தங்கியது.

அவள் யாரிடமும் சொல்லாமல் என்னை மட்டும் துணைக்கு அழைத்துக்கொண்டு ஜெபசீலியைப் பார்க்கப் போனாள்.  உள்ளே போய் உட்கார்ந்ததும், எத்தனை தண்ணீர் அலசினால் போகும் சிஸ்டர் என்று கேட்டாள்.

"கழுவினா போறதில்ல மக்ளே" என்றார் ஜெபசீலி. "மஞ்ச போட்டாலும் போவாது, தோலை உரிச்சாலும் போவாது, வறுத்தாலும் அப்படியேதான் இருக்கும். அது சதையில ஊறிக் கெடக்கு. பாசி தின்ன சின்ன மீனுல ஒரு துளி. அந்த மாதிரி நூறைத் தின்ன மீனுல நூறு துளி. அதுல நூறைத் தின்னுட்டு வருசக்கணக்கா கெடக்குற வாளையில எத்தன துளின்னு நீயே கூட்டிப் பாரு."

அப்படியென்றால் மீனே தொடக்கூடாதா என்று நான் குறுக்கே கேட்டேன். எனக்குக் கோபம் வந்திருந்தது, என் கோடு முழங்கைக்கு வந்துவிட்டதை அவர் பார்த்தார். யார் அப்படிச் சொன்னது, தின்னத்தான் வேண்டும், பிள்ளையின் மூளைக்கு மீனைப்போல ஒன்று கிடையாது, அயிரை தின்னட்டும், சின்ன ஜிலேபி தின்னட்டும், வாரம் ரெண்டு தடவை தாராளமாகத் தின்னட்டும், வாளையும் பெரிய விராலும் மட்டும் இந்த வயிற்றோடு ஆகாது, பால் மறக்கிறவரை ஆகாது என்றார். நிதானமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் ஒவ்வொரு வார்த்தையும் கன்னத்தில் அறைந்தமாதிரி இருந்தது. பதினெட்டு வாளையின் வயிற்றுத் துண்டையும் பார்த்துப் பார்த்து அரிந்து அவள் தட்டுக்கு அனுப்பியவள் நான்.

மாதேஸ்வரி அதையெல்லாம் கேட்டதாகவே தெரியவில்லை. "அப்போ யாழினி அப்பிடி இருக்கறது அதனாலயா?" என்றாள்.

 ஒரு பிள்ளை ஏன் இப்படிப் பிறந்தது என்று அறுதியிட்டு யாராலும் சொல்ல முடியாது, பிறவியிலேயே எத்தனையோ காரணம் இருக்கும் என்றார் ஜெபசீலி. மாதேஸ்வரி அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். திரும்புகிற வழியில் மூன்று தடவை என்னிடம் சொன்னாள், யாராலும் சொல்ல முடியாதாமேக்கா, யாராலும் சொல்ல முடியாதாம். ஆமாம் ஆமாம் என்றேன். எனக்கும் அந்த வார்த்தை வேண்டியிருந்தது.

ஊர் ஜெபசீலியை நம்பவில்லை என்று சொன்னால் அது பொய். அவர் ஊசி போட்டால் நம்பினோம், மாத்திரை கொடுத்தால் நம்பினோம். இதை மட்டும் நம்ப முடியவில்லை, ஏனென்றால் இதை நம்பினால் கூடவே இன்னொன்றையும் நம்ப வேண்டும். ஊரில் யாழினி ஒருத்திதானா, எழுத்து ஏறாத பிள்ளை எத்தனை, விரல் நடுங்குகிற பிள்ளை எத்தனை, அத்தனை பேரின் தாய்மாருக்கும் தாளமேளத்தோடு கொண்டுபோய் ஊட்டியது நாங்கள்தானே. விரோதி செய்தான் என்றால் பழி சொல்லலாம், சண்டைக்குப் போகலாம். பாசமாகச் செய்ததை யாரிடம் போய்ச் சொல்லி அழுவது. அதனால் துறைக்காரர்கள் ஜெபசீலியைக் கண்டால் நல்லா இருக்கீங்களா சிஸ்டர் என்று கேட்டுவிட்டு, அவர் வாய் திறக்கும் முன்பே நகர்ந்தார்கள்.

அஞ்சாம் மாசம் தொடங்கியது. மாமியார் காவேரியம்மா மணையை எடுத்துக் கழுவி வைத்தாள். மாரப்பன் பதினோரு நாள் தண்ணீரிலேயே கிடந்தார். சோறு கட்டிக்கொண்டு போய் அணையின் ஆழமான மூலையில், பாறைக்கு அந்தப் பக்கம், தூண்டில் போட்டுக்கொண்டு காத்திருந்தார். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அவர் பரிசல் திரும்பியபோது, ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே வந்தது. உள்ளே கிடந்த வாளை அவரைவிட ஒரு சாண் நீளம். அதன் முதுகு நெடுக, செதிலில்லாத அந்தக் கருப்புத் தோலில், எங்கள் கையில் இருப்பதைப் போலவே ஒரு வெள்ளிக்கோடு தலையிலிருந்து வால்வரை ஓடியது. அதைப் பார்த்து யாரும் ஆச்சரியப்படவில்லை. நம்ம ஊர் மீன்தானே, கோடு இருக்கத்தான் செய்யும் என்றார்கள்.

நாலு பேர் தூக்கிவந்தார்கள். தப்பு அடித்தார்கள். வாசலில் மணை போட்டு மாதேஸ்வரியை உட்காரவைத்தார்கள். மீனை அவள் மடியில் வைக்க, மடி போதாமல் தலை ஒரு பக்கமும் வால் ஒரு பக்கமும் தரையில் புரண்டது. அந்த மீனின் பாரம் தாளாமல் மணை மண்ணுக்குள் ரெண்டு விரல் இறங்கியதை நான் என் கண்ணால் பார்த்தேன். யாழினி கதவைப் பிடித்துக்கொண்டு ஒருக்களித்து நின்றாள். இனிமேல் மாதேஸ்வரி மீனின் தலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும், நான் எடுத்துப்போய் அரிய வேண்டும். என் அருவாமனை வாசலிலேயே தயாராக இருந்தது. அவள் தொடவில்லை.

"மாமா" என்றாள். குரல் பெரிதாக இல்லை, ஆனால் தப்புச் சத்தம் நின்றுவிட்டது. "பதினொரு நாள் எனக்காகத் தண்ணியில கெடந்தீங்க. ஆனா இதை நான் திங்கமாட்டனுங்க. இன்னைக்கும் திங்கமாட்டேன், இனி வர்ற எந்த வெள்ளிக்கும் திங்கமாட்டேன்."

எங்கள் ஊரில் கோபத்தை மறைக்க முடியாது என்று சொன்னேனே. மாரப்பன் சட்டை போடாமல் நின்றிருந்தார். அவர் கோடு மணிக்கட்டிலிருந்து கிளம்பி முழங்கை தாண்டி, தோள் தாண்டி, கழுத்து நரம்போடு ஏறித் தாடைக்குக் கீழே வந்து துடித்ததை ஊரே பார்த்தது. பொன்னுரங்கம் மனைவிக்கும் தகப்பனுக்கும் நடுவே வந்து நின்றான். எத்தனையோ பெண்கள் வாந்தி வருகிறது என்று மடிமீனை ஒதுக்கியிருக்கிறார்கள், அதெல்லாம் உண்டு. மடியில் கிடக்கும்போதே வேண்டாம் என்று சொன்னவள் யாரும் கிடையாது. நர்ஸ் பேச்சைக் கேட்டுக்கொண்டு ஆடுகிறாயா, என் கையால் விஷமா கொண்டுவந்தேன் என்று கேட்டார் மாரப்பன்.

மாதேஸ்வரி அவரைப் பார்க்கவில்லை. கதவோரம் நின்ற மகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"உங்க மேல தப்பு இல்லைங்க மாமா. நீங்க கொண்டாந்தீங்க, பூவாயக்கா அரிஞ்சாங்க, தின்னது நானு. இன்னொரு கை சோறு போடுங்கன்னு கேட்டு வாங்கித் தின்னேன். யாழினிய இப்பிடிப் பண்ணினது அதுதானான்னு தெரியாது. இல்லைன்னும் எனக்குத் தெரியாது. தெரியாத ஒண்ணை ரெண்டாவது தடவையும் என் புள்ளைக்கு ஊட்ட என்னால ஆகாதுங்க."

அவள் கை மீன்மேல் கிடந்தது. அந்தக் கையின் கோடு ஒரு நூல்கூட ஏறவில்லை. அதைத்தான் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அத்தனை பேர் முன்னால், அத்தனை பெரிய வார்த்தையைச் சொல்லிவிட்டு, அவள் கிணற்றுத் தண்ணீர் மாதிரி இருந்தாள். மாரப்பன் மருமகளின் கையைப் பார்த்தார், பேத்தியைப் பார்த்தார். தாடைக்குக் கீழே துடித்துக்கொண்டிருந்த அவர் கோடு சடசடவென்று இறங்கத் தொடங்கி, தோளில் நிற்காமல், முழங்கையில் நிற்காமல், மணிக்கட்டிலும் நிற்காமல் உள்ளங்கைக்குள் போய் ஒடுங்கிவிட்டது. பிணத்துக்குத்தான் கோடு அப்படி இறங்கும். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

பிறகு என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. மடிமீனை விற்கக்கூடாது, தண்ணீரில் திரும்ப விடக்கூடாது, மடிக்கு வந்த மீன் மடியிலிருந்து அடுப்புக்குத்தான் போக வேண்டும். ஊர் பெரிய மனுசர்கள் தொண்டையைக் கனைத்தார்கள். அப்போது காவேரியம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மருமகள் பக்கத்தில் வெறும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"எம் மடியில தூக்கிப் போடுங்கடா" என்றாள். "நான் இனிமே ஒண்ணும் பெத்துப் போடப் போறதில்ல."

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் மீன் மடி மாறிவிட்டது. அன்றைக்கு ஊரில் தீட்டு நின்ற பொம்பளைகள் அத்தனை பேருக்கும் ஆளுக்கு ஒரு துண்டு போயிற்று. வருஷத்துக்கு ஒரு நாள் ஒரு துண்டு தின்றால் உங்களையெல்லாம் எமன்கூடத் தேட மாட்டான் என்று ஜெபசீலி சொன்னாராம். எனக்கும் ஒரு துண்டு வைத்திருந்தார்கள். நான் சாப்பிடவில்லை, பூனைக்கும் போடவில்லை, வாழைக்கு அடியில் புதைத்தேன்.

அதோடு ஊர் திருந்திவிட்டது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். திருந்தவில்லை. கீழத்தெருவில் இன்றைக்கும் வெள்ளிக்கு வெள்ளி வாளை மடிக்கு வருகிறது. நடுத்தெருவில் வாளைக்குப் பதில் விரால் வைத்து, விரால் அத்தனை பெரிதில்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள். எங்கள் தெருவில் மட்டும் பிள்ளைத்தாய்ச்சி மடியில் ஒரு முறம் அயிரையைக் கொட்டுகிறோம், அது நாலாபக்கமும் துள்ளி ஓட, பொம்பளைகள் துரத்திப் பிடிக்க, அதிலும் ஒரு சிரிப்பு இருக்கிறது. மாரப்பன் வாளைத் தூண்டிலைப் பரணில் போட்டுவிட்டார். ஏழு துறைக்கும் பெயர்போன அந்த மனுசன் தினமும் காலையில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, மண்புழு குத்தி, கையகல ஜிலேபி பிடித்தார். என்ன மாரப்பா, சின்னப் பையன் மாதிரி ஆகிவிட்டாய் என்று பரிசலில் போகிறவர்கள் கேலி செய்தார்கள். அவர் பிடித்ததில் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருந்தால் திரும்பத் தண்ணீரில் விட்டுவிட்டு, மற்றதை ஓலைக்கொட்டானில் போட்டு மருமகளிடம் கொடுத்தார். அவள் வாரம் ரெண்டு தடவை சாப்பிட்டாள். மற்ற நாளில் முட்டையும் கீரையும் பருப்பும். வாயெல்லாம் சப்புன்னு இருக்குதுக்கா என்பாள், ஆனால் சாப்பிட்டாள்.

கார்த்திகையில் ஒரு மழை நாளில் பெண் குழந்தை பிறந்தது. காவேரியம்மா துணியை விலக்கி வலது கையைப் பார்த்தாள், இடது கையைப் பார்த்தாள். கோடு இல்லை. புரட்டிப் பார்த்தாள், முதுகிலும் இல்லை. வெள்ளை வெளேரென்று வெறுங்கை. பார்க்க வந்த பொம்பளைகளுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, நல்லா இருக்கிறது என்று சொன்னால் யாழினியைக் குறை சொன்னமாதிரி ஆகும், கோடு இல்லையே என்று சொன்னால் குழந்தையைக் குறை சொன்னமாதிரி ஆகும். அதனால் எல்லோரும் மூக்கு யாருடைய மூக்கு என்பதைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போனார்கள். யாழினி வந்து தங்கச்சியின் கையைத் தன் விரலால் மேலும் கீழும் தடவிப் பார்த்தாள். எதையோ தேடுகிறவள் மாதிரித் தடவிக்கொண்டே இருந்தாள்.

மாதேஸ்வரி அன்றைக்கு அழவில்லை. மூன்று மாதம் கழித்துக் கொட்டகைக்கு வேலைக்கு வந்தாள். மூங்கிலில் தூளி கட்டிக் குழந்தையைப் போட்டுவிட்டு என் பக்கத்தில் அருவாமனை விரித்து உட்கார்ந்தாள். யாழினி தூளிக்குக் கீழே உட்கார்ந்து மீன் செதில்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் யாரிடமோ விராலுக்கு வாய்த்தகராறு செய்துவிட்டுத் திரும்பி, என்னடி கண்ணு, பூவாயி போட்ட சத்தத்துல எழுந்துட்டயா என்று தூளியைப் பார்த்துக் கேட்டேன். குழந்தை தலையைத் திருப்பி என் குரல் வந்த பக்கம் பார்த்தது. பார்த்து, வாயைக் குவித்து, ங்கா என்றது. நான் மறுபடி ங்கா என்றேன். அதுவும் ங்கா என்றது. நானும் அதுவுமாக மாற்றி மாற்றிப் பேசிக்கொண்டே போனோம், கொட்டகையில் எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள்.

மாதேஸ்வரியின் கை நின்றுவிட்டது. பாதி அரிந்த ஜிலேபி அருவாமனையிலேயே இருந்தது. குனிந்த தலை நிமிராமல் அவள் தோள் குலுங்குவதைப் பார்த்துவிட்டு, என்னாச்சுடி, குழந்தைதான் இத்தனை நல்லா இருக்குதே, எதுக்கு அழுவற என்று கேட்டேன்.

தூளிக்குக் கீழே யாழினி செதில்களை ஒவ்வொன்றாகத் தரையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்திலேயே நாங்கள் போட்ட அத்தனை சத்தத்துக்கும் அவள் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

"நல்லா இருக்குதேக்கா" என்றாள் மாதேஸ்வரி. "அதுக்குத்தான் அழுவறேன்."

என் கை சுடத் தொடங்கியது. கோடு எங்கே ஏறி நிற்கிறது என்று நான் பார்க்கவில்லை. முந்தானையை இழுத்துக் கையை மூடிக்கொண்டு, அவள் முன்னால் பாதியில் கிடந்த மீனை எடுத்து நான் அரிந்தேன்.